மேயர் தம்பி கடை

— இந்த டப்பா நிறைய வாஷரா இருக்கே. யாராவது எடுத்து வைக்கச் சொன்னாங்களா?

— அதைத் தொடாதே. எண்ணிக்கை கலைஞ்சிடும்.

— என்ன எண்ணிக்கை?

— எதிர்க் கடைக்குள்ள ஒரு ஆள் நுழைஞ்சா நான் ஒரு வாஷர் போடறேன். காலைலேர்ந்து நாப்பத்தோரு வாஷர். மணி இன்னும் பதினொண்ணு ஆகல.

— ஏங்க, இதுக்குத்தான் நேத்து சாப்பாட்டை அப்படியே திருப்பி அனுப்பினீங்களா? நான் கடையில வேலை அதிகம்னு நினைச்சேன்.

— இதுவும் வேலைதான்.

— அது சரி. அண்ணன் கடைக்குத் தம்பி வாசல்காவல். சீருடை தைக்கக் கொடுத்தாச்சா?

— சிரி, நல்லா சிரி. அங்க பாரு, ரெண்டு பேர் போறாங்க. டப்பாவை இப்படித் தள்ளு. நாப்பத்திரண்டு, நாப்பத்திமூணு. அந்த அம்மா யாருன்னு தெரியுதா? போன வாரம் நம்மகிட்ட ஒரே ஒரு தாழ்ப்பாளுக்கு அரை மணி நேரம் பேரம் பேசினவங்க. அங்க எப்படிப் போறாங்க பாரு. கால்மிதில செருப்பை ரெண்டு தடவை துடைச்சிட்டுப் போறாங்க.

— கண்ணாடி போட்ட குளியலறைச் சாமான் கடை. தரை பளபளன்னு இருக்கு. துடைக்கத்தான் செய்வாங்க.

— நம்ம கடைத் தரையும் தரைதான்.

— நம்ம கடைத் தரையை நான் கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து பாத்ததில்ல. ஆணிப் பெட்டியும் பெயின்ட் டின்னும்தான் தெரியுது.

— நான் ஒண்ணு கேக்கறேன். முப்பத்திரண்டு வருஷமா இந்தக் கல்லாவுல உக்காந்திருக்கேன். அவர் கடை திறந்து எட்டு மாசம். எட்டே மாசம். தொழிலை எவன்கிட்ட கத்துக்கிட்டார்? அரை இஞ்ச் குழாய் எது, முக்கால் இஞ்ச் எதுன்னு இன்னைக்கும் அவருக்குத் தெரியாது. அப்பா இருந்தப்போ ஒரே ஒரு நாள் அவரை இங்க உக்கார வச்சார். சாயங்காலத்துக்குள்ள மூணு பேருக்குத் தப்பான சாமானைக் கொடுத்து, மூணு பேரையும் பேசியே சிரிக்க வச்சு அனுப்பிட்டார். அப்பா அன்னைக்கே முடிவு பண்ணிட்டார். பெரியவனுக்கு வாய் இருக்கு, எங்க போனாலும் பிழைச்சுக்குவான், கடையைச் சின்னவனுக்கு விட்டுடுவோம்னு. எனக்குக் கடை கிடைச்சது பாசத்தால இல்ல. வாய் இல்லாததால.

— அதுக்கு அவர் என்னங்க பண்ணுவார்?

— ஒண்ணும் பண்ண வேண்டாம். அதுதானே எனக்கு ஆத்திரம். அவர் ஒண்ணுமே பண்ண வேண்டாம், எல்லாம் தானா வந்து மடியில விழும். பள்ளிக்கூடத்துலேர்ந்தே அப்படித்தான். வகுப்புல ஓயாம பேசுவார். வாத்தியார் 'இனி வகுப்பில் பேச மாட்டேன்'னு நூறு தடவை எழுதிட்டு வரச் சொல்வார். எழுதினது யாரு? நான். எனக்கும் அதே வாத்தியார், என் எழுத்து அவருக்குத் தெரியும். அதனால இடது கையால எழுதச் சொல்வார் உங்க பெரிய மனுஷர். நூறு முடிக்கறதுக்குள்ள கை வீங்கிப்போகும். பேச மாட்டேன் பேச மாட்டேன்னு நான் எழுதினேன், அவர் பேசிப் பேசி மேயர் ஆயிட்டார்.

— இதை நீங்க எங்கிட்ட சொன்னதே இல்லையே.

— சொல்லாதது எவ்வளவோ இருக்கு. முதல் தடவை கவுன்சிலர் ஆனாரே, எப்படி? மழையில தெருவெல்லாம் தண்ணி. முழங்கால் தண்ணில நின்னு மைக்கைப் பிடிச்சார். அந்தத் தண்ணியை இறைச்ச மோட்டார் எந்தக் கடை மோட்டார்? நம்ம கடை மோட்டார். ராவும் பகலும் அதைப் பிடிச்சுக்கிட்டு நின்னது யாரு? மறுநாள் பேப்பர்ல படம் வந்துச்சு. நடுவுல அவர். ஓரத்துல மோட்டார். மோட்டார் மேல என் கை. கையோட படம் முடிஞ்சிடுச்சு.

— அந்தப் படம்தான் உங்க அண்ணன் வீட்டுக் கூடத்துல மாட்டியிருக்கே. நான் பாத்திருக்கேன்.

— என் கையைப் பாத்தியா?

— யாரோட கைன்னு யாரும் சொல்லல.

— சொல்ல மாட்டாங்க. அப்புறம் பத்து வருஷம் மேயர். ரெண்டு தடவை ஜெயிச்சார். அந்தப் பத்து வருஷத்துல எனக்கு என்ன ஆச்சு தெரியுமா? என் பேர் போயிடுச்சு. மேல போர்டுல அப்பா பேர் போட்டு அண்ட் சன் ஹார்டுவேர்ஸ்னு இருக்கு. தெருவுல யாரையாவது கேட்டுப் பாரு. மேயர் தம்பி கடைம்பான். சீட்டுல எழுதறவன் மேயர் தம்பி கடைன்னு எழுதறான். லாரி டிரைவர் போன் பண்ணி 'மேயர் தம்பிங்களா'ங்கறான். நானும் ஆமாங்கறேன்.

— அதனாலதானே ஊர்ல எல்லாருக்கும் நம்ம கடையைத் தெரியுது.

— இருங்க, வர்றேன். என்ன வேணும் உங்களுக்கு? கதவுக்குக் கீலா? எந்தக் கதவு, வாசல் கதவா, பாத்ரூம் கதவா? பாத்ரூம்னா இது துருப்பிடிக்கும், அதை எடுத்துக்குங்க. திருகாணி கூடவே இருக்கு. ஆணி அடிச்சுடாதீங்க, மரம் பிளந்துடும். சரி, போயிட்டு வாங்க. பாத்தியா? ரெண்டு நிமிஷத்துல ஒருத்தனுக்கு எது தேவைன்னு சொன்னேன். இதை அவர் சொல்வாரா? குளியல்தொட்டி விக்கிறவருக்கு அதுல தண்ணி எந்தப் பக்கம் வடியும்னு தெரியுமா?

— நீங்க அவர் தோத்த வருஷத்துல இப்படியெல்லாம் பேசினதில்லையே. அப்போ நல்லாத்தானே இருந்தீங்க.

— நல்லாத்தான் இருந்தேன். உங்கிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்கு. முந்நூத்திச் சொச்சம் ஓட்டுல தோத்தார். ஒரு வருஷம் வீட்டோட உக்காந்திருந்தார். கடைக்கு வர்றவன் எல்லாம் 'உங்க அண்ணன் எப்படி இருக்கார்'னு கேப்பான். ஏதோ இருக்கார்னு சொல்லிட்டு ஆணியை எடை போடுவேன். அவரைப் பாத்து நான் பரிதாபப்பட்ட ஒரே வருஷம் அதுதான். ரொம்ப சுகமா இருந்துச்சு.

— இதை வெளியில சொல்லிடாதீங்க.

— அப்புறம் என்ன பண்ணார்? கடை வைக்கறேன்னார். சரி, வைக்கட்டும். ஊர்ல வேற தெருவே இல்லையா? எனக்கு நேர் எதிர்ல. மூணு மாடி. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. நான் தலையைத் தூக்கினா அவர் கடை. தலையைக் குனிஞ்சா கல்லாக் கண்ணாடில அவர் கடை தலைகீழாத் தெரியுது.

— பக்கத்துல இருந்தா உங்களுக்குத் துணைன்னு சொன்னாராம். உங்க அண்ணிதான் சொன்னாங்க.

— துணை. திறப்பு விழா அன்னைக்கு நாப்பது நிமிஷம் மைக்ல பேசினார். வந்தவங்களை என்னன்னு கூப்பிட்டார்? 'என் அன்பு மக்களே.' கஸ்டமரை மக்கள்ங்கறார். என்னை மேடைக்குக் கூப்பிட்டுத் தோள்ல கையைப் போட்டு, 'எனக்குத் தொழில் கத்துக்கொடுக்கப் போறவன் இவன்தான்'னார். கைதட்டு தெரு கொள்ளல. எனக்கா தட்டினாங்க? அவர் பெருந்தன்மைக்குத் தட்டினாங்க. அவருக்கு ஒரு நகரமே இருந்துச்சு. எனக்கு இந்தக் கடை ஒண்ணுதான். இதுலயும் எனக்கு முன்னாடி வந்து நின்னுட்டார்.

— அப்படி என்ன வித்துட்டார்னு நினைக்கறீங்க? வெளியில வர்றவங்க கையில சாமானே காணோமே.

— பெரிய கடைல கையிலயா தூக்கிட்டுப் போவாங்க? வண்டி வச்சு வீட்டுக்கே அனுப்புவாங்க. கையில காகிதம் இருக்கு பாரு. ஒவ்வொருத்தன் கையிலயும் காகிதம். பில்லு. திங்கக்கிழமை வந்தா இன்னும் கூட்டம், வாசல் வரைக்கும் வரிசை. திங்கக்கிழமைக்குன்னு ஏதோ தள்ளுபடி வச்சிருக்கார். என்னன்னு விசாரிக்கணும்.

— உங்க வயித்தெரிச்சலை வச்சு ஒரு ஊருக்கே சமைக்கலாங்க. வாங்க, சாப்பிடுங்க. ஆமா, நேத்து சாயங்காலம் நான் வீட்டுக்குப் போறப்போ மாநகராட்சி வண்டி ஒண்ணு அவர் கடை வாசல்ல நின்னுச்சு. நீங்க பாக்கலையா?

— எப்போ? எத்தனை பேர்? உள்ள போனாங்களா? கையில ஏதாவது கொடுத்தாங்களா?

— மெதுவா கேளுங்க. ஒருத்தர்தான். தடியா ஒரு கவரைக் கொடுத்துட்டுப் போனார். ஏன் உங்க முகம் இப்படி வெளிச்சம் போடுது?

— நோட்டீஸ். அது நோட்டீஸ்தான். நாலு நாள்ல வந்துடுச்சே, பரவாயில்ல.

— எது நாலு நாள்ல?

— ஒண்ணுமில்ல.

— ஏங்க, முப்பது வருஷமா உங்க ஒண்ணுமில்லையைக் கேட்டுட்டு வர்றேன். எது நாலு நாள்ல?

— வார்டு ஆபீஸ் வாசல்ல ஒரு மனுப் பெட்டி இருக்கு. அதுல ஒண்ணு எழுதிப் போட்டேன். மூணு மாடிக் கடைக்குப் பின்பக்கம் தனியா ஒரு படி இருக்கணும், தீ கீ பிடிச்சா ஜனங்க இறங்கி ஓட. அவர் கடைல அது இல்ல. கண்ணால பாத்தேன். கதவு இருக்கு, கதவைத் திறந்தா படி இல்ல, அந்தரம். அதை எழுதினேன். பொய் ஒண்ணும் எழுதல.

— நீங்களா? அண்ணன் கடை மேலயா?

— சட்டமே அவர் போட்டதுதான். துணிக்கடை ஒண்ணு எரிஞ்சப்போ மேயரா இருந்து அவரே கொண்டுவந்தார். படி இல்லாத கடையைப் பூட்டி சீல் வைக்கணும், படி கட்டின பிறகுதான் திறக்கணும்னு. இப்போ அவர் கடைக்கும் வைக்கட்டும்.

— உங்க எழுத்தை அந்த ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியுமேங்க. குழாய் சப்ளை பண்றப்போ எத்தனை சீட்டு எழுதிக் கொடுத்திருக்கீங்க.

— அந்த அளவுக்கு மூளை இல்லாதவனா நான்? பேர் போடல. இடது கையால எழுதினேன். நம்ம கடைக் காகிதம்கூட இல்ல, பெட்டிக்கடைல போய்த் தனியா ஒரு தாள் வாங்கினேன். எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது.

— பின்பக்கப் படிக்கு இரும்பு வேணும்னு உங்க அண்ணன் யார்கிட்டங்க சொன்னார்?

— இப்போ எதுக்கு அது?

— யார்கிட்ட சொன்னார்?

— எங்கிட்ட.

— அந்த இரும்பு எங்க இருக்கு?

— இருக்கு, எங்கயோ.

— எங்கயோ இல்ல. நம்ம பின் ஷெட்டுல, கோணி போட்டு மூடி. வந்து மூணு மாசம் ஆச்சு. வாரா வாரம் உங்க அண்ணன் வந்து கேப்பார், நீங்க லாரி வரல, மில்லுல சரக்கு இல்லன்னு சொல்வீங்க. அவரும் 'சரிப்பா, வந்ததும் சொல்லு'ன்னு போயிடுவார். நான் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். வாயைத் திறக்கல. என்னமோ அண்ணன் தம்பி ஊடல், ரெண்டு வாரத்துல சரியாயிடும்னு நினைச்சேன். இரும்பைப் பூட்டி வச்சதும் நீங்க, படி இல்லன்னு எழுதினதும் நீங்க.

— வேற கடைல வாங்க வேண்டியதுதானே. நான் என்ன கையைப் பிடிச்சேனா?

— தம்பி கடை இருக்கறப்போ வேற கடைல எதுக்குன்னு அவர் சொன்னதும் என் காதுல விழுந்துச்சு. உங்க காதுலயும்தான் விழுந்துச்சு.

— விழுந்துச்சு. அதுதான் இன்னும் எரிஞ்சுது. நல்லவரா இருக்கறதுலயும் அவரே முந்திக்கிறார்.

— போய் அந்த மனுவை எடுத்துட்டு வந்துடுங்க.

— பெட்டி பூட்டியிருக்கும். நான் வித்த பூட்டு. சாவி இல்லாம திறக்காது.

— உங்களைக் கட்டிக்கிட்டு நான் சிரிக்கறதா அழறதா தெரியல. சீல் வச்சா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?

— ஒரு மாசம் மூடிக் கிடக்கட்டும். நாப்பத்திமூணு பேரும் ஒரு மாசம் இந்தப் பக்கம் வரட்டும். எனக்கு ஒரு மாசம் போதும். வேற ஒண்ணும் கேக்கல நான். தலையைத் தூக்கினா அந்தக் கடையில விளக்கு எரியக்கூடாது, அவ்வளவுதான்.

— பேச்சை நிறுத்துங்க. உங்க அண்ணி வர்றாங்க. ரோட்டைத் தாண்டறாங்க. கையில அந்தக் கவர்.

— எந்தக் கவர்?

— நேத்து வந்தது. டப்பாவைக் கீழ வைங்க. முகத்தைத் துடைங்க. வாங்கக்கா, வாங்க. அந்த ஸ்டூல்ல பெயின்ட் இருக்கு, இதுல உக்காருங்க.

— என்ன தம்பி, புருஷனும் பொண்டாட்டியும் கல்லாவுல குசுகுசுன்னு பேசிக்கிட்டு இருக்கீங்க? நான் நடுவுல வந்துட்டேனா?

— அதெல்லாம் இல்ல அண்ணி. வியாபாரம்தான் பேசிட்டு இருந்தோம்.

— உங்களுக்கென்ன, பேசறதுக்கு வியாபாரம் இருக்கு. சொன்னா சிரிப்பீங்க, உங்க கடையைப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு தம்பி.

— கேலி பண்றீங்களா? காலைலேர்ந்து உங்க கடைக்கு நாப்பத்திமூணு பேர் வந்துட்டாங்க.

— எண்ணினீங்களா?

— தோராயமாச் சொன்னேன்.

— அவர் எப்பவும் தோராயத்தைச் சரியாச் சொல்வார், அக்கா.

— நாப்பத்திமூணு இருக்கும். இருந்து என்ன? ஒருத்தராவது குழாய் வாங்க வந்தவங்களா? எல்லாம் மனு, தம்பி. சாக்கடை அடைச்சிருக்கு, தெருவிளக்கு எரியல, முதியோர் பணம் வரல, பக்கத்து வீட்டுக்காரன் சுவரைத் தள்ளிக் கட்டிட்டான். எல்லாம் கையில காகிதத்தோட வர்றாங்க. இவரும் பச்சை மைப் பேனாவை எடுத்துக்கிட்டு உக்காந்துடறார். மேயரா இருந்தப்போ திங்கக்கிழமைதானே மனு வாங்கற நாள், அதே பழக்கத்துல இப்பவும் திங்கக்கிழமை தெரு வரைக்கும் நிக்கறாங்க.

— தள்ளுபடி இல்லையா?

— என்ன தள்ளுபடி?

— ஒண்ணுமில்ல அண்ணி. நீங்க சொல்லுங்க.

— உக்கார இடம் இல்லாம ஜனங்க விக்கிறதுக்கு வச்ச குளியல்தொட்டி விளிம்புல உக்காந்திருக்காங்க. போன மாசம் ஒருத்தர் ஒரு குழாய் வாங்கினார். நான் சந்தோஷத்துல அன்னைக்குச் சாப்பிடவே இல்ல. மறுநாள் வந்து அளவு தப்புன்னு திருப்பிக் கொடுத்துட்டார்.

— அரை இஞ்ச்சுக்கு முக்கால் கொடுத்திருப்பார்.

— அதேதான். நேத்து மேல நின்னு கண்ணாடி வழியா உங்க கடையைப் பாத்துக்கிட்டே இருந்தார். என்னங்கன்னு கேட்டேன். 'பாரு, தம்பி கடைக்குப் போறவன் ஒருத்தன்கூட வெறுங்கையோட வர்றதில்ல. எங்கிட்ட வர்றவன் எல்லாம் வந்த காகிதத்தோடயே போறான்'னார். எனக்கு என்னமோ பண்ணிடுச்சு தம்பி.

— அண்ணனா அப்படிச் சொன்னார்?

— அவர்தான். இப்போ நான் வந்த விஷயத்தைச் சொல்றேன் கேளுங்க. வார்டு ஆபீஸ்ல இருக்கிற அதிகாரி இவர் காலத்துல வேலைக்குச் சேர்ந்தவர். இன்னும் இவர் மேல அவ்வளவு மரியாதை. பெட்டியில விழற மனுவையெல்லாம் வாரத்துக்கு ஒரு தடவை கவர்ல போட்டு அனுப்பிடுவார், 'ஐயா பாத்து ரெண்டு வார்த்தை எழுதிக் கொடுங்க, நாங்க சீக்கிரம் முடிச்சுடறோம்'னு.

— பெட்டியில விழறதெல்லாமா? அண்ணன்கிட்டயா வருது?

— எல்லாம்தான். முறையில்லைதான், ஆனா வருது. நேத்து வந்த கவர்ல பாருங்க, நம்ம கடை மேலயே ஒரு புகார்.

— ஏங்க, தண்ணி குடிங்க. இந்தாங்க. சொல்லுங்கக்கா, என்ன புகார்?

— பின்பக்கம் படி இல்லையாம். இல்லைதானே, எதுக்குப் பொய் சொல்லணும். இரும்பு வரல, வந்ததும் கட்டிடலாம்னு இருந்தோம். யாரோ பாத்து எழுதிட்டாங்க. பேர் போடல. இவர் அந்தக் காகிதத்தைக் கையில வாங்கிப் படிச்சார். படிச்சு முடிச்ச பிறகும் கீழ வைக்கல. அப்படியே வச்சுக்கிட்டு இருந்தார். திடீர்னு ஒரு சிரிப்பு. தோத்த பிறகு அவர் அப்படிச் சிரிச்சு நான் பாக்கல. அப்புறம் மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார்.

— யார் எழுதினதுன்னு ஏதாவது சொன்னாரா, அண்ணி?

— பேர்தான் இல்லையே. பச்சைப் பேனாவை எடுத்தார். என்ன எழுதினார்னு நீங்களே பாருங்க, இதோ. 'புகார் உண்மை. சட்டப்படி கடைக்கு சீல் வைக்கவும். தாமதம் வேண்டாம்.' கீழ கையெழுத்து. தன் கடைக்குத் தானே எழுதறார், தம்பி. ஏங்க, ரெண்டு வாரம் தள்ளிப் போடக்கூடாதான்னு கெஞ்சினேன். அடுத்தவன் கடைன்னா ரெண்டு வாரம் தள்ளுவேனாங்கறார்.

— அக்கா, அந்த இரும்பு வந்துடுச்சு.

— என்னம்மா சொல்றே? எப்போ?

— இன்னைக்குக் காலைலதான். சொல்லணும்னு இருந்தோம். ஏங்க, சொல்லுங்களேன்.

— ஆமா, அண்ணி. வந்துடுச்சு. பின்னாடி ஷெட்டுல இருக்கு.

— அப்பாடா. என் வயித்துல பாலை வார்த்தீங்க. இருந்தாலும் சீல்னு ஒண்ணு வச்சுட்டா அது எப்போ பிரியும்னு யாருக்குத் தெரியும்? எனக்குக் கடை நடக்கலையேன்னு கவலை இல்ல, தம்பி. காலைல எழுந்து சட்டையை மாட்டிக்கிட்டு வெளியில போறதுக்கு அவருக்குன்னு ஒரு இடம் இருக்கு, அதுதான் எனக்கு வேணும். அந்த ஒரு வருஷம் நீங்க பாக்கல. போன் அடிக்கலையேன்னு எடுத்து எடுத்துக் காதுல வச்சுப் பாப்பார், லைன் இருக்கான்னு. குளிக்காம சாயங்காலம் வரைக்கும் ஜன்னல்கிட்ட உக்காந்திருப்பார். அதை மறுபடி பாக்க என்னால முடியாது.

— நான் என்ன பண்ணணும், அண்ணி?

— இந்த மனுவுல பேர் இல்ல. பேர் இல்லாத மனு செல்லாது, அதுவும் இவர் மேயரா இருந்தப்போ போட்ட விதிதான். அதனால யாராவது ஒருத்தர் கீழ கையெழுத்துப் போடணுமாம். தம்பிகிட்ட கொண்டு போ, அவன் போடுவான்னு சொல்லி என்னை அனுப்பினார்.

— என்னையா? அண்ணன் கடையை மூடச் சொல்ற மனுவுலயா?

— நானும் அதைத்தான் கேட்டேன். தெருவுல வேற ஆளே இல்லையா, கூடப் பிறந்தவனையா இதுல இழுப்பீங்கன்னு. அவன்தான் போடணும்னு ஒரே பிடிவாதம். அதனால உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கறேன், தம்பி. போட மாட்டேன்னு சொல்லிடுங்க. நீங்க போடலன்னா இது வெறும் காகிதம். இரும்பும் வந்துடுச்சு, பத்து நாள்ல படியைக் கட்டிடலாம், யாருக்கும் தெரியாது.

— கும்பிடாதீங்க அண்ணி. நான் போடல. நான் எப்படிப் போடுவேன்? இங்க கொடுங்க, இப்பவே கிழிச்சுப் போட்டுடறேன். அண்ணன்கிட்ட நான் கோவப்பட்டேன்னு சொல்லிடுங்க.

— உங்க மனசு யாருக்கு வரும், தம்பி. எவனோ வயித்தெரிச்சல்ல எழுதறான், கூடப் பிறந்தவர் நீங்க காப்பாத்தறீங்க. பாத்தியாம்மா உன் வீட்டுக்காரரை?

— பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், அக்கா.

— வெல்டரை நாளைக்கே வரச் சொல்றேன் அண்ணி. நானே பக்கத்துல நின்னு கட்டறேன். அரை இஞ்ச், முக்கால் இஞ்ச்சும் அண்ணனுக்கு உக்காந்து சொல்லிக் கொடுக்கறேன்.

— உங்களுக்குக் கோடிப் புண்ணியம். நான் கிளம்பறேன், அங்க குளியல்தொட்டி மேல எட்டுப் பேர் உக்காந்திருக்காங்க. ஆங், மறந்தே போயிட்டேன். தம்பி கையெழுத்துப் போடத் தயங்கினா இதைச் சொல்லுன்னார். எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல.

— என்ன சொன்னார்?

— இந்தத் தடவை வலது கையாலயே போடச் சொல்லுன்னார். இடது கையால எழுதினா உங்களுக்குக் கை வீங்கிடுமாமே, தம்பி?